செஞ்சியில் அப்பாவும் தண்ணீரும்

2025 டிசம்பர் 20, சனிக்கிழமை

திண்டிவனத்தில் பஸ் ஏறிச் செஞ்சி வந்து சேரும்போது மணி எட்டு. ஊரைத் தாண்டித் திருவண்ணாமலை சாலையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். சாலை மதிலைக் கடந்து நேராகக் கோட்டைக்குள்ளேயே நுழைகிறது. வலது பக்கம் கிருஷ்ணகிரி, இடது பக்கம் ராஜகிரி, தெற்கே தள்ளிச் சந்திரகிரி. மூன்று மலைகளையும் சேர்த்து வளைத்துக்கொண்டு 13 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது. மழை முடிந்த மாதம் என்பதால் பாறை இடுக்கெல்லாம் பச்சை.

அப்பா முப்பது வருடம் குடிநீர்க் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி வலி இருப்பதால் மலை ஏறமாட்டார் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். கீழே பார்க்க வேண்டியதை இன்று பார்ப்பது, நாளை காலை நான் மட்டும் ராஜகிரி ஏறுவது. கீழே இருப்பதைப் பார்க்கவே ஒரு நாள் பற்றவில்லை.

கல்யாண மகாலில்தான் அதிக நேரம் இருந்தோம். நடுவில் அடுக்கடுக்காக எழும்பி, உச்சியில் கூம்புக் கூரையோடு முடியும் கோபுரம். சுற்றிலும் முற்றம், வளைவு வளைவாக அறைகள், ஒரு பக்கம் குளம். எல்லோரும் மாடியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தரையையும் சுவர் மூலையையும் பார்த்துக்கொண்டு நடந்தார். சுமார் 500 கஜ தூரத்தில் இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய் வழியாக இந்த மகாலுக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் அவர் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார்.

“மோட்டார் இல்லாமல் மாடிக்கு எப்படிப்பா ஏறும்?”

“குளம் எந்த மட்டத்தில் இருக்கோ அந்த மட்டம் வரைக்கும் தானா ஏறும்மா. கொத்தனார் டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பார்க்கிறதைப் பார்த்திருக்கே இல்ல, அதேதான். ஏத்துறது பெரிசில்ல. மண் குழாயை ஒண்ணோட ஒண்ணு கோத்து, இணைப்புல ஒழுகாம வெச்சான் பாரு, அதுதான் வேலை.”

சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து ஒன்றுக்குள் ஒன்று செருகிக் காட்டினார். ஒரு குழாயின் வாய் அடுத்த குழாயின் கழுத்துக்குள் உட்கார வேண்டும், சுற்றிலும் சுண்ணாம்புச் சாந்து. கட்டைவிரலால் அந்தச் சாந்தை வழித்து அழுத்துவது போல ஒரு சுற்றுச் சுற்றினார். இத்தனை வருடத்தில் அவர் வேலையை இவ்வளவு பக்கத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் தானியக் களஞ்சியம். உள்ளே நுழைந்ததும் சில்லென்று இருந்தது. சுவர் தடிமனும் வளைவுக் கூரையும் பார்த்தால் கோயில் மண்டபத்துக்குச் செய்யும் செலவை நெல்லுக்குச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

2025 டிசம்பர் 21, ஞாயிறு

பிற்பகலுக்கு மேல் ராஜகிரியில் ஏற விடமாட்டார்கள். அதனால் வாசல் திறந்ததுமே உள்ளே போய்விட்டேன். அப்பா யானைக்குளத்துப் பக்கம் நிழலில் உட்கார்ந்துகொண்டார். “மேலே சுனை இருக்காம். அதைப் பார்க்காம இறங்காதே” என்று மட்டும் சொன்னார்.

மலை உயரம் 800 அடி சொச்சம். படிகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் ஒரே சீராக இல்லை. சில படிகள் முழங்கால் உயரம். குரங்குகளுக்குப் பயந்து பையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறு எதுவும் எடுத்துப் போகவில்லை. பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். இந்த மலைக்குக் காவல் தெய்வம் அவள்தான். மலைக்குக் கமலகிரி என்று பழைய பெயரும் உண்டு.

வாசல் மேல் வாசலாகக் கடந்து ஏறினால், உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஏறக்குறைய 60 அடி ஆழப் பிளவு. அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது எடுத்துவிடக்கூடிய பாலம். எடுத்துவிட்டால் மேலே இருப்பவன் மேலே, கீழே இருப்பவன் கீழே. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தபோது, முகலாயப் படைக்கு இங்கே ஏன் அத்தனை வருடம் ஆனது என்று புரிந்தது.

அந்தக் கதையைக் கொஞ்சம் எழுத வேண்டும். 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிஜப்பூர் சுல்தானியத்திடமிருந்து பிடித்தார், மதில்களைப் பலப்படுத்தினார். அவர் இறந்தபின் அவருடைய மூத்த மகன் சாம்பாஜியை ஔரங்கசீப் கொன்றுவிட, இளைய மகன் ராஜாராம் அத்தனை தூரம் தப்பி வந்து தஞ்சம் புகுந்த இடம் செஞ்சி. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டார். இந்த ஜூலையில் யுனெஸ்கோ, ‘மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன, மீதி ஒன்று இது. கோனார் குலத்து அரசர்களும் நாயக்கர்களும் கட்டி ஆண்ட கோட்டை மராத்தியர் பெயரில் போவதா என்று எனக்கு முதலில் மனத்தாங்கல் இருந்தது. அவர்கள் இங்கே இருந்ததே 21 வருடம்தான். ஆனால் அந்த எட்டு வருடம் இந்தப் பாறை அவர்களுடைய அரசையே தாங்கிப் பிடித்தது. அந்தப் பெயருக்கு நியாயம் இருக்கிறது என்று இன்று பாலத்தில் நின்றபோது பட்டது.

சுனையைப் பார்த்தேன். உச்சியில் பாறைக்குள் ஊறும் தண்ணீர், அதற்குக் கீழே மழைநீரைப் பிடித்துத் தேக்க மூன்று தொட்டிகள். ஊற்று வேறு, மழைநீர் வேறு. ஒன்று பொய்த்தாலும் மற்றது கை கொடுக்கும். அப்பாவுக்காக ஏழெட்டுப் படங்கள் எடுத்தேன். பாறையில் தண்ணீர் நின்ற மட்டம் வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அதைக் குனிந்து தனியாக ஒரு படம் எடுத்தேன்.

இறங்கி வந்ததும் அப்பா ரங்கநாதர் கோயிலைக் கேட்கவில்லை, பீரங்கியைக் கேட்கவில்லை. செல்போனை வாங்கி அந்த வெள்ளைக் கோட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

2025 டிசம்பர் 22, திங்கள்

காலையில் செட்டிகுளக்கரை. சக்கரக்குளமும் பக்கத்திலேயே இருக்கிறது. தேசிங்கு ராஜனுக்கும், அவனுடைய சிதையில் உடன்கட்டை ஏறிய ராணிக்கும் செட்டிகுளக்கரையில்தான் நினைவிடம். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து விழுந்தபோது அவனுக்கு 22 வயது. பெயர் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரன். தமிழ்க் கூத்தும் கதைப்பாடலும் அவனைத் தேசிங்கு ஆக்கிக்கொண்டன. அவன் குதிரை பாராசாரி, தோழன் மோவுத்துக்காரன் குதிரை நீலவேணி. சின்ன வயதில் பாட்டி சொல்லிக் கேட்ட பெயர்கள். இஸ்லாமியத் தோழன் நண்பனுக்காக உயிரைக் கொடுக்கும் இடத்தில் பாட்டிக்குக் குரல் கம்மிவிடும்.

“இவ்வளவு தண்ணி, இவ்வளவு நெல்லு வெச்சுக்கிட்டு அந்தப் பையன் ஏம்மா வெளியே போனான்?” என்றார் அப்பா.

கேள்வி சரிதான். உள்ளே உட்கார்ந்திருந்த ராஜாராம் எட்டு வருடம் தாக்குப்பிடித்தான். வெளியே இறங்கிப் போன தேசிங்கு ஒரே நாளில் முடிந்தான். ஆனால் ராஜாராமைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் பாடுவதில்லை. கரையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். குளம் நிறையத் தண்ணீர், காற்றுக்கு லேசாக மடிந்துகொண்டிருந்தது.

வெங்கடரமணர் கோயிலையும் சாதத்துல்லா கான் மசூதியையும் பார்த்துவிட்டு மத்தியான பஸ்ஸில் புதுச்சேரி. கோயிலுக்குப் பக்கத்து வாசலுக்கே புதுச்சேரி வாசல் என்றுதான் பெயர். 1750இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், இந்தக் கோயிலின் உயரமான ஒற்றைக்கல் தூண்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். இன்றைக்குக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்களும் செஞ்சிக் கல்தான். எத்தனையோ தடவை அங்கே உட்கார்ந்து கடல் பார்த்திருக்கிறேன், தெரியாமல் போய்விட்டது. சாயங்காலம் ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன். கொடிவேலை வெட்டிய பள்ளங்களில் விரல் நுழைகிறது, உப்புக் காற்றில் விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன. காலையில் பார்த்த கோயில் மண்டபத்தின் வெறுமை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

2025 டிசம்பர் 28, ஞாயிறு

ஒரு வாரமாக அப்பா நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். குளத்திலிருந்து மகாலுக்குக் குழாய் போகும் சரிவு, இடையில் எங்கே காற்று அடைக்கும், எங்கே வண்டல் தங்கும், எங்கே திறந்து சுத்தம் செய்ய இடம் விட்டிருப்பார்கள் என்று. இன்று காலை அந்தச் சுனைப் படத்தை மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“இது மார்கழித் தண்ணி. மழை பேஞ்ச தண்ணி எது, ஊறுற தண்ணி எதுன்னு இதுல தெரியாது. சித்திரையில ஒரு தடவை ஏறிப் பார்த்துட்டு வா. அந்த வெள்ளைக் கோட்டுக்கு எத்தனை அடி கீழே நிக்குதுன்னு அளந்துட்டு வரணும்.”

டேப்பை எடுத்து என் பைக்குள் இப்போதே போட்டுவிட்டார்.