சொல்லின் தலையில் ஒரு கேள்விக்குறி

ஆர்மீனிய எழுத்தைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன், பாதி ராத்திரி போய்விட்டது. கி.பி. 405 வாக்கில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி உருவாக்கியது. முதலில் 36 எழுத்துகள், இடைக்காலத்தில் இரண்டு சேர்ந்து 38. அந்த 36-ம் எண்களாகவும் வேலை பார்த்தன. கடைசி எழுத்தின் மதிப்பு 9000!

எனக்குப் பிடித்தது கேள்விக்குறிதான். வாக்கியக் கடைசியில் வராது. எந்தச் சொல்லை அழுத்திக் கேட்கிறோமோ, அதன் உயிரெழுத்துக்கு மேலே ஏறி உட்காரும். முற்றுப்புள்ளியோ பார்க்க நம் முக்காற்புள்ளி மாதிரி.

அப்புறம், உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ எங்கே அச்சானது தெரியுமா? 1794-இல், நம்ம சென்னையில். ஆர்மீனியன் தெருவை ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆக்கி வைத்திருக்கிறோமே, அதே ஊரில்தான்!