கார்பன் இழைத் தகட்டின் வெப்ப விரிவை அளக்கும்போது

தொலைநோக்கிக் குழாய், செயற்கைக்கோள் ஆன்டெனா போன்றவற்றுக்குக் கார்பன் இழை எப்பாக்சியை, அதாவது எப்பாக்சிப் பிசினில் பதித்த கார்பன் இழையை, நாடுவதே, சூடேறினாலும் அது அநேகமாக நீளாது என்பதால்தான். அளக்கும்போது அந்தக் குணம்தான் பாடாய்ப் படுத்துகிறது. இழைத் திசையில் விரிவுக் கெழு, அதாவது ஒரு டிகிரி சூட்டுக்கு நீளம் மாறும் விகிதம், −0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு சுருக்கம்) என்றால், 50 மி.மீ. மாதிரி 100 டிகிரி சூட்டுக்கு 2.5 மைக்ரோமீட்டர்தான் சுருங்கும். அலுமினியம் இதே சூட்டில் சுமார் 115 நீளும்.

மாதிரியைத் தொடும் தண்டின் நகர்வைக் கொண்டு நீள மாற்றத்தை அளக்கும் கருவி தள்ளுதண்டு டைலடோமீட்டர். அதில் தண்டும் தாங்கியும் உருக்கிய குவார்ட்ஸ். குவார்ட்ஸும் டிகிரிக்கு சுமார் 0.5 பிபிஎம் விரியும். ஆகவே திரையில் −5 மைக்ரோமீட்டர் தெரியும், குவார்ட்ஸின் 2.5-ஐக் கூட்டினால்தான் உண்மை வரும். மாதிரி இருந்த இடத்தில் அதே நீளக் குவார்ட்ஸ் துண்டை வைத்து, அதே வேகத்தில் ஓர் அடிக்கோட்டு ஓட்டம் எடுக்காமல் எந்த எண்ணையும் நம்பவேண்டாம்.

அதிகம் ஏமாற்றுவது ஈரம். எப்பாக்சி காற்றிலிருந்தே நீரை உறிஞ்சி உப்பும். சூடேற்றினால் நீர் வெளியேறி மாதிரி சுருங்கும். கருவி அதையும் எதிர்மறை விரிவாகவே பதியும். வரைபடத்தைப் பார்த்தால் பிடிபட்டுவிடும்: குளிர்ந்து அறை வெப்பநிலைக்கு வந்த கோடு, தொடங்கிய புள்ளிக்குத் திரும்பாமல் கீழே நிற்கும். வைர வாளால் வெட்டும்போது ஊற்றும் நீரும் இதில் சேர்த்திதான். வெட்டி முடித்தபின் வெற்றிட அடுப்பில் 70–80 டிகிரியில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துகிறோம். தடிமனான தகட்டுக்கு இது வாரக்கணக்கில் இழுக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். உலர்த்திய பின்னும் முதல் சுழற்சியை ஒதுக்கிவிட்டு, இரண்டாவது, மூன்றாவது கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா என்று பார்ப்போம்.

அடுத்தது வெட்டுக்கோணம். இழைகளெல்லாம் ஒரே திசையில் ஓடும் ஒருதிசைத் தகட்டில், இழைக்குக் குறுக்கே கெழு சுமார் 30 பிபிஎம். வெட்டு 5 டிகிரி விலகினால் −0.5 என்பது −0.27 ஆகிவிடும். தகட்டின் ஓரத்தை நம்பாமல், இழையைப் பார்த்தே கோடு போட வேண்டும்.

சூடேற்றும் வேகம் நிமிடத்துக்கு 1–2 டிகிரி போதும். வெப்பமானி மாதிரியைத் தொட்டபடி இருக்கட்டும். அடுக்குகள் சமச்சீராக இல்லாத தகடு சூட்டில் வளையும். அந்த வளைவு நீளக் குறைவாகத்தான் பதிவாகும். பிசின் இறுக்கம் இழந்து மென்மையாகும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை நெருங்கினால் தண்டின் முனை பிசினில் அமிழத் தொடங்கும். அதற்கு நன்றாகக் கீழேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

கெழு 1 பிபிஎம்-க்கும் கீழே போனால் நாங்கள் ஒளி அலைகளைக் கொண்டு நீள மாற்றத்தை அளக்கும் லேசர் இன்டர்ஃபெரோமீட்டருக்கு மாறிவிடுவோம்.