சும்மாடு: ஒரு சிற்பியின் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025

காலையிலிருந்து மெழுகோடு மல்லுக்கட்டு. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருக்கி, துணியில் வடிகட்டி எடுப்பது சுவாமிமலைப் பக்குவம். குங்கிலியம் கூடினால் விறைத்துப்போய், மடிக்கிறபோது படக்கென்று ஒடிகிறது. எண்ணெய் கூடினால் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. விக்கிரகம் செய்கிறவர்களுக்கு நகமும் ஆபரணமும் கீறினால் அப்படியே நிற்கிற மெழுகு வேண்டும். எனக்கோ நைந்த துணியாகத் துவள வேண்டும், துவண்ட பிறகு அப்படியே நிற்கவும் வேண்டும். இரண்டையும் கேட்டால் மெழுகுதான் என்ன செய்யும்!

மத்தியானம் ஒரு வழி பிடிபட்டது. ஈரப் பலகையில் மெழுகை ஊற்றி மெல்லிய தகடாக எடுத்து, சூடு ஆறுவதற்குள் அதன்மேல் ஈரிழைத் துண்டை விரித்து உருளையால் ஓட்டினால் நெசவு பதிந்துவிடுகிறது. பிறகு வெந்நீரில் முக்கி முக்கி முறுக்க வேண்டும். துண்டின் கரை பட்ட இடம் மட்டும் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கிறது. அதைத் தொடவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

தலைச்சுமைக்கு அடியில் துணியைச் சுருட்டி வைப்பார்களே, அந்தச் சும்மாடுதான் செய்துகொண்டிருக்கிறேன். கீழே தலை கிடையாது, மேலே சுமை கிடையாது. வெறும் சும்மாடு, மெழுகில் செய்து வெண்கலத்தில் வார்க்க.

பிப்ரவரி 7

சாயங்காலம் மெரினா போய் உழைப்பாளர் சிலையைப் பார்த்துவிட்டு வந்தேன். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் சேர்ந்த காலத்திலிருந்து இது ஒரு பழக்கம். எல்லோரும் எதிரே நின்று படம் எடுப்பார்கள். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். முதுகும் கெண்டைக்காலும் பார்க்க வேண்டும் என்றால் அங்கேதான். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் எங்கள் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக வந்து 1957 வரை இருந்தவர். மல்யுத்தம் பழகியவர் என்பது அந்த நால்வர் உடம்பைப் பார்த்தாலே தெரியும். பாறையை நகர்த்துகிற வேகத்தில் விலா எலும்புகூட எண்ணலாம். 1959-இல் திறந்தார்கள். இதற்கு ஈடாக இன்னொன்று இந்தக் கடற்கரையில் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி.

நால்வரும் ஆண்கள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் ஐந்தாவதாக ஒரு சித்தாளைக் கொண்டுவந்து நிறுத்தினால் கணக்கு நேராகிவிடுமா? சட்டி சுமக்கிற பெண்ணைக் களிமண்ணில் வருஷக்கணக்காகச் செய்து பார்த்தவள் நான். ஒன்றிலும் பாரம் இறங்கவில்லை. ஏனென்றால் தலைச்சுமைக்காரியின் உடம்பு பாரத்தை வெளியே காட்டாது. காட்டினால் சட்டி கீழே விழும். கழுத்து அசையாது, முகம் அசையாது, நடையெல்லாம் இடுப்புக்குக் கீழே. ராய் சௌத்ரியின் ஆட்கள் பாரத்தைத் தள்ளுகிறார்கள், அதனால் தசை முறுக்கேறி நிற்கிறது. இவள் தாங்கிக்கொண்டு நடக்கிறாள். பாரத்தைத் தேடினால், அது நசுங்கிக் கிடக்கும் சும்மாட்டில்தான் இருக்கிறது.

அதனால்தான் ஆளை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 11

பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்புகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெழுகுச் சும்மாடு ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். சித்தாள் பெண்கள் நிழலில் சாய்ந்திருந்தார்கள், பாதிப் பேருக்கு அவரவர் சும்மாடே தலையணை. ஒருத்தியுடையது பழைய நைட்டி, இன்னொருத்தியுடையது கணவனின் கைலி. செங்கல் என்றால் சும்மாட்டின் மேல் ஒரு பலகை வைத்து அதில் அடுக்குகிறார்கள். கலவை என்றால் சட்டி நேரடியாக உட்காருகிறது, ஆகவே கலவைக்காரிகளின் சும்மாடு இன்னும் அகலம்.

அங்கே மூத்த அம்மா ஒருவர் மெழுகை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தினது சரி. முனையைச் சொருகலியே தாயி? நாலு எட்டு வெச்சா அவுந்துடும்."

"இது தலையில வைக்கறதுக்கு இல்லம்மா, சும்மா பார்க்கறதுக்கு."

"பார்க்கறதுக்குன்னாலும் அவுந்துடும்னு தெரியுமில்ல?"

பதில் சொல்ல முடியவில்லை. அவரே தன் துண்டை உதறிச் செய்துகாட்டினார். ஒரு நுனியை இடது உள்ளங்கையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, வலது கையால் முறுக்கியபடியே விரல்களைச் சுற்றிக் கொண்டுவந்து, கடைசி நுனியை அடிச் சுற்றுக்குள் ஒரே தள்ளு. கையை உருவினால் சும்மாடு நிற்கிறது. கல்லூரியில் எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் பாதி இந்தத் தரத்துக்கு வராது.

பாட்டி வீட்டில் பானைக்குக் கீழே வைக்கோல் பிரிமணை போட்டிருப்பார்கள். அதற்குச் சொருகல் இருக்காது, கட்டிவிட்டால் சரி. ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிற சாமான் அது. சும்மாட்டின் சொருகல் நடைக்காக ஏற்பட்டது. எல்லா மெழுகையும் திரும்ப உருக்கப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 19

சோற்றுக்கு வேலை. வெளியூர்ப் பள்ளி ஒன்றின் நிறுவனருக்கு மார்பளவுச் சிலை. வெண்கலம் என்று ஆரம்பித்த பேச்சு, விலை கேட்டதும் பைபருக்கு இறங்கி, மேலே வெண்கல நிறத்தில் பெயிண்ட் என்று முடிந்தது. எப்போதும் இந்த வரிசைதான்.

இன்று கமிட்டி வந்து களிமண் மாதிரியைப் பார்த்தது. ஐந்து பேர், ஐந்து விதமான ஞாபகம். "ஐயாவுக்குக் கன்னம் இவ்வளவு ஒட்டியிருக்காது" என்கிறார் ஒருவர். "கடைசிக் காலத்துல இன்னும் ஒட்டிப்போச்சு" என்கிறார் மற்றவர். இருவரும் சரி, அவரவர் பார்த்த வயது வேறு. நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு வயதைப் பிடித்து, கன்னத்தைத் தொடாமல், கீழ்த்தாடையை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தினேன். "இப்ப வந்துட்டாரு" என்றார்கள் ஐந்து பேரும். கன்னத்தை ஏற்றியதாகவே நினைத்துக்கொண்டார்கள்.

மூக்குக்கண்ணாடிதான் தொல்லை. கண்ணாடிச் சில்லை வைத்தால் பின்னால் இருக்கும் கண் செத்துவிடும். கம்பி விளிம்பு மட்டும் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர் கண்ணே போட்டுக்கொள்ளும். கருவிழியைக் குழித்து, மேலே சின்னப் பிசிறு ஒன்றை விட்டுவைத்தால் வெயிலில் அது ஒளிப்பொட்டாக நிற்கும். அப்புறம் மாலை. கழுத்துப் பட்டை தாங்குகிற மாதிரி உள்ளே கம்பி போட வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஆளுயர மாலை விழும்.

இந்த வேலையைப் பற்றிச் சக கலைஞர்கள் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அந்த வெட்கம் இல்லை. சிற்பி எஸ். தனபால் பெரியாரின் தலையைச் செய்தவர். நவீனச் சிற்பமும் செய்தவர். எங்கள் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தவர். ஒரு முகத்தை வாரக்கணக்கில் பார்க்கிற பயிற்சி இல்லாமல்போனால் துணி மடிப்பும் கண்ணில் படாது.

மார்ச் 2

சுவாமிமலையில் இருக்கிறேன். முதலில் துணியையே மெழுகில் தோய்த்து வார்த்துவிடலாமா என்று போன மாதம் போனில் கேட்டிருந்தேன். "மெழுகு ஓடிடும் மேடம். துணி எரிஞ்ச சாம்பல் எங்க ஓடும்? உள்ளயே நின்னு உலோகத்தை மறிக்கும்" என்று ஸ்தபதி ஒரே வரியில் முடித்துவிட்டார். மெழுகுத் தகட்டுப் பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

காவிரி வண்டலை மாவாக அரைத்து முதல் பூச்சு. மடிப்புகளுக்குள் போகாதே என்று பயந்தேன். அவருடைய மகன் தூரிகையை விட்டுவிட்டு, வண்டலை மோர்ப் பதத்துக்குக் கரைத்து மடிப்புக்குள் ஊற்றி, சாய்த்து வடியவிட்டார். நிழலில் காய்ந்ததும் அடுத்த பூச்சு, அப்புறம் மணல் கலந்த கனத்த மண், மேலே இரும்புக் கம்பிக் கட்டு.

"இதுக்கு ஓலை என்ன மேடம்?" என்று கேட்டார் பெரியவர். விக்கிரகத்துக்குத் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு வைத்துக்கொள்வது அவர்கள் முறை. என் சும்மாட்டுக்கும் அளவு உண்டு, சுற்றுகிறவளின் விரல்கள்தான் நடு ஓட்டை, அதிலிருந்துதான் மற்றதெல்லாம் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார். கையில்லாத அளவை அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இங்கே மெழுகை நிறுத்துத்தான் உலோகத்துக்குக் கணக்குப் போடுவார்கள். ஒன்றரைக் கிலோ மெழுகு, ஏறக்குறைய ஒன்பது மடங்கு என்றால் 13 கிலோவுக்கு மேல். உள்ளே கூடு விட்டு வார்த்தால் பாதிதான் ஆகும், லாரிக் கூலியும் குறையும் என்று கண்காட்சி நடத்தப் போகிற காலரியில் சொல்லிப் பார்த்தார்கள். சுவாமிமலை வழக்கப்படி கெட்டியாகவே வார்க்கச் சொல்லிவிட்டேன். துணி என்று நினைத்துத் தூக்கப் போகிறவரின் தோள் ஒரு கணம் ஏமாற வேண்டும்.

ஊற்றியது விடியற்காலை. வரட்டித் தீயில் அச்சு சுட்டு, மெழுகு ஒழுகித் தீர்ந்ததும், வாய் மேலே தெரியும்படி மண்ணில் புதைத்தார்கள். உலோகம் உருக்கும் மூசையின் வாயில் பச்சைச் சுடர். உலோகத்தை நூலாக ஊற்ற வேண்டும், நடுவில் அறுந்தால் அவ்வளவுதான். உள்ளே இறங்குகிற சத்தம் குடத்தில் தண்ணீர் நிறைவது போலவே மேலே மேலே ஏறி வருகிறது. பெரியவர் அச்சைப் பார்க்கவே இல்லை, காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 8

மார்ச் வந்தால் எனக்கு ஊரில் கிராக்கி. மகளிர் தினத்துக்குப் பேச ஒரு பெண் சிற்பி வேண்டுமாம். ஏப்ரலில் யாரும் கூப்பிடுவதில்லை.

போன இடத்தில் என்னைப் பற்றிப் பேசாமல் மூன்று பேரைப் பற்றிப் பேசினேன். பம்பாயில் விளம்பரத் துறையிலிருந்து சிற்பத்துக்கு வந்து, பழைய இரும்பைப் பற்றவைத்துப் பெரிய வேலைகள் செய்த பிலூ போச்கானாவாலா. அவர் பிறந்த அதே 1923-இல் பிறந்த மீரா முகர்ஜி: ஜெர்மனியில் படித்துவிட்டு வந்து, பஸ்தரின் உலோக வார்ப்புக்காரர்களிடம் உட்கார்ந்து மெழுகு இழை சுற்றக் கற்றுக்கொண்டவர். மூன்றாவது மிருணாளினி முகர்ஜி. சணல் கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, தறி இல்லாமல் கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஆளுயரத்துக்கும் மேலே தெய்வமும் செடியும் கலந்த உருவங்களை எழுப்பியவர். வெகுகாலம் அதைக் கைவினை என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். 2015-இல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய மொத்த வேலைகளின் கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே இறந்துபோனார்.

ஒரு மாணவி கேட்டாள்: "கயித்துல இருந்து அவங்க கடைசியில வெண்கலத்துக்குத்தானே வந்தாங்க? அப்ப வெண்கலம்தானே ஒசத்தி?" நல்ல கேள்வி. மெழுகையும் அவர் விரலால்தான் பிடித்து, நசுக்கி, இழுத்து வேலை செய்தார், பொருள் மாறியும் விரல் மாறவில்லை என்று சொன்னேன். அவளுக்கு முழுத் திருப்தியில்லை. எனக்கும்தான்.

சன்மானமாகப் பொன்னாடை.

மார்ச் 15

ஓவியம் வரைகிறவர்கள் முப்பது வருஷ வேலையை ஒரு பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடலாம். என் கட்டிலுக்கு அடியில் சுட்டமண் முண்டங்கள், மாடிப்படிக்குக் கீழே பைபர் அச்சுகள், மொட்டை மாடியில் தார்ப்பாய் மூடிய இரண்டு பெரிய வேலைகள். தங்கை வீட்டு கார் ஷெட்டில் இன்னொன்று, அவள் கார் வெளியே வெயிலில் நிற்கிறது. சிற்பம் வேண்டாம், டெக்ஸ்டைல் எடு என்று அந்தக் காலத்தில் சித்தப்பா சொன்னபோது, பெண்ணால் கல் தூக்க முடியாது என்பது அவர் வாதம். தூக்கியாயிற்று. வைக்கத்தான் இடமில்லை.

சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாணியையும் கொள்கையையும் பற்றி நிறையப் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி, 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் கூட இருந்தவர்களும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் இந்த இஞ்சம்பாக்கத்து மணலில் நிலம் வாங்கினார்கள் என்பது. முதலில் இடம், அப்புறம்தான் கலை. சிற்பி பி.வி. ஜானகிராமைப் பாருங்கள், கோயில் கவசம் மாதிரி செப்புத் தகட்டை அடித்து உருவம் எழுப்பினார். முன்பக்கம்தான் முகம், பின்பக்கம் கிட்டத்தட்ட வெறுமை. அழகியலாக அதை விளக்குகிற கட்டுரைகள் உண்டு, சரிதான். ஆனால் தகடு லேசு, சுவரோரம் வைக்கலாம் என்பதையும் யாராவது எழுதலாம்.

போன வருஷம் விற்ற வேலைக்கு இன்னும் பணம் வரவில்லை. யார் என்று எழுதப் போவதில்லை. கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள், மரியாதையாகத்தான்.

மார்ச் 27

வார்ப்புகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் மட்டும் சொருகல் ஓரத்தில் உலோகம் போய்ச் சேரவில்லை, சின்னப் பொத்தல். அடைத்துத் தரட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். நைந்த துணியில் ஓட்டை இருப்பது வழக்கம்தானே.

மெருகு பற்றித்தான் பட்டறையோடு இழுபறி. அரத்தால் ராவி, பளபளவென்று ஆக்கி அனுப்பாவிட்டால் அவர்களுக்கு மனசு ஆறாது. எனக்கு மேல்தோல் அப்படியே இருக்க வேண்டும், நெசவுத் தடத்தில் மண் கறுப்பு தங்கியிருக்க வேண்டும். கடைசியில் அடிப்பக்கத்தை மட்டும் மெருகேற்ற ஒப்புக்கொண்டேன். தலைமயிரும் எண்ணெயும் தேய்கிற பக்கம் அதுதான். மெருகு அங்கே நியாயமாக வருகிறது. தூக்கித் திருப்பினால்தான் தெரியும், 13 கிலோவைத் திருப்ப யாருக்கு மனசு வருமோ.

மேல்பக்கம் நசுங்கல் நன்றாக இறங்கியிருக்கிறது. மெழுகாக இருந்தபோது உண்மையான கலவைச் சட்டியை மணலோடு ஏற்றி ராத்திரி முழுக்க விட்டிருந்தேன். நடுவில் சரிந்த சுற்று, ஓரமாகப் பிதுங்கிய மடிப்பு எதுவும் நான் வடித்ததில்லை.

ஏப்ரல் 5

கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள். காலரியில் வெள்ளைப் பெட்டிப் பீடங்கள் தயாராக வைத்திருக்கிறார்கள், இடுப்பளவு. அதில் வைத்தால் இவை பழங்காலச் சாமான் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொன்றும் ஓர் இரும்புக் கம்பியின் உச்சியில், தலை இருக்க வேண்டிய உயரத்தில் நிற்க வேண்டும் என்றேன். எந்தத் தலை என்று கேட்டார் மேனேஜர். பக்கத்து மனையில் சுவரோரம் நிற்கவைத்து சாக்பீஸால் கோடு போட்டு எடுத்துவந்த அளவுகளைக் கொடுத்தேன். பெரும்பாலும் ஐந்தடிக்குக் கீழே.

"அப்ப ஆம்பளைங்க குனிஞ்சுதான் பார்க்கணும்" என்றார்.

"கொஞ்சம் குனியட்டும்."

வெல்டர் பிரச்சினையை நேராகச் சொன்னார். ஐந்தடிக் கம்பி உச்சியில் 13 கிலோ என்றால் அடித்தகடு குறைந்தது இரண்டடி அகலம் வேண்டும், யாராவது இடித்தால் சாயும். தகட்டில் கால் தடுக்கும் என்கிறார் மேனேஜர். தகட்டைத் தரைக்குள் இறக்க முடியாது, டைல்ஸை உடைக்க விடமாட்டார்கள். தடுக்கினாலும் பரவாயில்லை, விழாமல் பார்த்து நடப்பார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறாராம். கம்பி திங்கட்கிழமை வருகிறது.