ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்கள்

மே மாதக் கடைசி ஞாயிறு என்று நாள் குறித்தது ஜனவரியில். அப்போது தருமபுரியில் விடியற்காலைப் பனி, வாசலில் டிசம்பர் பூ, எனக்கும் கொஞ்சம் திமிர். விதை பரிமாறிக்கொள்ளும் எங்கள் குழுவில் ஆண்டுக்கு ஒரு வீட்டுத் தோட்டத்தை ஊராருக்குத் திறந்துவிடுவது வழக்கம். இந்த முறை எங்கள் வீடு என்று வாய்விட்டுவிட்டேன். கத்திரி முடிந்தும் முடியாததுமாக எதற்கு என்றார்கள். பள்ளி விடுமுறை, பிள்ளைகளும் வருவார்கள் என்றேன். 32 வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு வேறென்ன தோன்றும்?

மே 4 அன்று கத்திரி பிறந்தது. முதல் வாரத்திலேயே பெரணி கருகி அப்பளமாகிவிட்டது. மொட்டைமாடித் தொட்டிகளின் அடிமண் தொட்டால் சுட்டது. தளத்தின் சூடு நேராக ஏறுகிறது என்று தெரிந்ததும், ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்தோம். அதைச் செய்து முடித்த இரவு என் வீட்டுக்காரர் இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு என்னிடம் பேசவில்லை. பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை கட்டினோம். பாலக்கோட்டில் இருக்கும் என் நாத்தனார் வயலிலிருந்து கேழ்வரகுத் தாள் ஒரு வண்டி வந்தது. பாத்திகளில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்குப் போட்டபின்தான் காலையில் விட்ட தண்ணீர் மாலைவரை நின்றது.

இன்னொன்று. வெயிலில் கிடக்கும் ரப்பர் குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதைச் செடியின் தலையில் ஊற்றிவிட்டுப் பூச்சி விழுந்தது, நோய் வந்தது என்று புலம்புகிறவர்களை எனக்குத் தெரியும். முதல் இரண்டு வாளியைத் தனியே பிடித்து ஆறவிடுங்கள்.

உரமும் போடவில்லை, கத்தரிக்கோலும் வைக்கவில்லை. கத்திரியில் துளிர்க்கும் இளங்குருத்து வெந்துபோகும். வெயிலுக்கு அசராதவற்றை வாசல் பக்கம் நகர்த்தினேன்: அரளி, நித்தியகல்யாணி, தண்ணீரைக் குறைத்தால் கோபத்தில் பூத்துத் தள்ளும் காகிதப்பூ. மல்லிகைக்கோ இதுதான் பருவம். ஓசூரிலிருந்து பூத்த செடிகளாகவே வாங்கிவந்து தொட்டியோடு புதைத்துவிடலாமே என்று ஒரு தோழி சொன்னாள். அது ஏமாற்று வேலை என்று சீறினேன். பிறகு இரண்டு ரோஜா மட்டும் வாங்கினேன்.

ஏமாற்று என்றதும் அந்த ஸ்பைடர் செடிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வராந்தாவில் வரிசையாகப் பன்னிரண்டு தொட்டி. எல்லா இலைகளும் நுனியில் பழுப்பு. அது வெயிலின் வேலை மட்டுமல்ல. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஸ்பைடர் செடியும் டிரசீனாவும் அதை உறிஞ்சி இலை நுனியில் சேர்த்துக்கொள்ளும், நுனி கருகும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன், அதே நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்ததால், என் வகுப்பில் வரிசைக்கு இரண்டு பிள்ளைகளாவது பல்லில் பழுப்புக் கோடுகளோடு இருப்பார்கள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். குடிக்க நல்ல தண்ணீர் வந்துவிட்டது. செடிக்கு இன்னும் போர் தண்ணீர்தான். புதன்கிழமை இரவு கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்து, ஆறு தொட்டியின் நுனிகளை ஒவ்வொன்றாகக் கூராக வெட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏழாவது தொட்டியை எடுக்க ஏனோ கை வரவில்லை.

வியாழன் மாலை தென்மேற்கில் கருத்தது. முதலில் புழுதிக்காற்று, பிறகு புளியங்கொட்டை அளவில் ஆலங்கட்டி. பத்து நிமிடம் இருக்கும். நிழல்வலை பனிக்கட்டியைத் தாங்கித் தொட்டிலாகத் தொங்கியது, ஒரு கழி முறிந்தது. வாழையிலை நார்நாராகக் கிழிந்தது, ஓசூர் ரோஜா இரண்டும் மொட்டை. நான் படியில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் கூரைக் குழாயடியில் பழைய நீல டிரம்மை இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிரம்பிவிட்டது, 200 லிட்டர். கிழிந்த இலைகளைப் பொறுக்கவே வெள்ளியும் சனியும் போயின.

ஞாயிறன்று நாற்பது பேருக்குமேல் வந்தார்கள். நீர்மோர் பதினொரு மணிக்கே தீர்ந்தது. வாழையைப் பார்த்து எல்லோரும் தங்கள் வீட்டு ஆலங்கட்டிக் கதையைச் சொன்னார்கள். என் பழைய மாணவன் ஒருவன் மகளோடு வந்திருந்தான். அந்தச் சிறுமி வராந்தாவில் நின்று, "பாட்டி, இந்த ஆறும் பச்சையாக இருக்கிறது, அந்த ஆறு மட்டும் ஏன் பழுப்பு?" என்றாள்.

"அந்த ஆறை நான் வெட்டவில்லை," என்றேன். போர் தண்ணீரைப் பற்றியும் சொன்னேன்.

அவன் சிரித்தான். கை வாய்க்குப் போனது.

வெட்டாத தொட்டியிலிருந்து ஒரு குட்டிச் செடியைக் கிள்ளி, மோர் குடித்த காகிதக் கோப்பையில் மண் வைத்து அவளிடம் கொடுத்தேன். டிரம்மிலிருந்து ஒரு பாட்டில் மழைத் தண்ணீரும் கொடுத்தனுப்பினேன்.