சிவப்பணுக் குறிப்புகள்

மார்ச் 3
கீம்சா சாயமேற்றிய இரத்தப் பூச்சு ஒன்றை நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பணுக்களின் வெளிறிய வட்டங்களுக்குள் மெல்லிய நீல மோதிரங்களாக, மலேரியாவை உண்டாக்கும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணிகள் தெரிந்தன. ஒவ்வொரு மோதிரத்திலும் செங்கல்போல் ஒரு சிவந்த புள்ளி. உட்கருவே இல்லாத, ஏறத்தாழ 120 நாள் மட்டும் வாழும் அணுவுக்குள் புகுந்து, ஹீமோகுளோபினைத் தின்று, சுமார் 48 மணி நேரத்தில் பெருகி அணுவை உடைத்துக்கொண்டு அது வெளியேறுகிறது.

மார்ச் 5
அரிவாள் அணுச் சோதனை செய்தோம். சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் ஒரு துளி இரத்தத்தைக் கலந்து, மேலே வைத்த மெல்லிய கண்ணாடியின் ஓரங்களை அடைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஆக்சிஜன் குறையக் குறைய, வட்டமான அணுக்கள் ஒவ்வொன்றாய் நுனி கூர்ந்து பிறையாக வளைந்தன. இரத்தத்துக்கு உரியவரோ நலமாக இருப்பவர். அணுக்களை இப்படி அரிவாளாக வளைக்கும் மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்.

ஹீமோகுளோபினின் பகுதியான பீட்டா குளோபின் சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற வேறொன்று இருக்கிறது; மாற்றம் அவ்வளவுதான். இம்மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் கடுமையான ஃபால்சிபாரம் மலேரியாவின் ஆபத்து ஏறத்தாழ 90% குறைகிறது. இரு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால் அரிவாள் செல் சோகை என்னும் நோய். ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத மரபு நோயான தலசீமியாவுக்கும் மலேரியாவுக்கும் இத்தகைய தொடர்பு இருக்கலாம் என்று 1949இல் மரபியலாளர் ஹால்டேன் எழுதினார். அரிவாள் அணுவுக்கு அதை 1954இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தரவுகளோடு முன்வைத்தவர் ஆலிசன்.

மார்ச் 8
அரிவாள் அணு மரபணுவின் ஒரு பிரதி உள்ளவர்களுக்கு "மலேரியாவே வராது" என்று சொல்வது தவறு, ஆபத்தானதும்கூட. தொற்று வருகிறது, ஆனால் ஆக்சிஜன் குறைந்த அணுவில் ஒட்டுண்ணியின் வளர்ச்சி தடைபடுகிறது, நுண்குழாய்ச் சுவரில் அணு ஒட்டிக்கொள்வதும் குறைகிறது. மேற்பரப்பில் டஃபி என்னும் புரதம் இல்லாத சிவப்பணுவின் கதை வேறு: அங்கே வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணிக்கு வாசலே பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

மார்ச் 11
சிவப்பணுக்களைச் சிதைவிலிருந்து காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடும் மலேரியாவிடமிருந்து ஓரளவு காப்பதாகவே கருதப்படுகிறது. ஆனால் கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸை அழிக்கக் கொடுக்கும் பிரைமாகுயின் மருந்து, அதே குறைபாடுள்ளவரின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். ஆகவே மாத்திரைக்கு முன் சோதனை வேண்டும். ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரு பிரதி மட்டும் மாறிய பெண்களின் இரத்தத்தில் நல்ல அணுக்களும் குறையுள்ள அணுக்களும் கலந்திருக்கும். உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் எளிய சோதனை அவர்களில் சிலரைத் தவறவிட்டுவிடும். நொதியின் அளவையே காட்டும் சோதனைதான் அவர்களுக்குத் தேவை.