இருபது பைட்

மார்ச் 4, ராத்திரி

கரண்ட் போனப்ப யூபிஎஸ் திரையில 22 நிமிஷம் தாங்கும்னுதான் இருந்துச்சு. 11 செகண்ட்ல படுத்துடுச்சு. திரும்ப வந்தப்ப சர்வர்ல ரெண்டாவது டிஸ்க் எழுந்திரிக்கல. புதுசு போட்டு, மத்த டிஸ்க்குகளப் படிச்சு அதுல டேட்டாவத் திரும்ப எழுதற ரீபில்ட்ட 9 மணிக்கு ஓட விட்டேன். வீட்டுக்குப் போகல.

மார்ச் 5, காலை 6

18.4%. மிச்சம் 2418 நிமிஷமாம். டிஸ்க் உடம்பு எப்படி இருக்குன்னு சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ட பாத்திருக்கவே கூடாது, மூணாவது டிஸ்க்ல பெண்டிங் செக்டார், அதாவது படிக்கத் தடுமாறற இடம், 8. ராத்திரி சைபர்தான் இருந்துச்சு. நாலு டிஸ்க்கையும் ஒன்னா கட்டி வச்சிருக்கிறது ரெய்டு 5, ஒன்னு போனா தாங்கும், இன்னொன்னும் போச்சுன்னா கத முடிஞ்சுது. நாலும் 8 டிபி, மிச்சம் இருக்கிற மூணையும் சேத்து 24 டிபி பிசகாம படிச்சு முடிக்கணும், டிஸ்க்கோட தாள்லயோ 12.5 டிபிக்கு ஒரு தடவ படிக்க முடியாம போகலாம்னு போட்டிருக்கான், நிஜத்துல அவ்ளோ மோசமா இருக்காதுன்னு எனக்கும் தெரியும், ஆனா தூங்காதவனுக்கு கணக்கு மட்டும்தான் ஞாபகம் வருது. நாலையும் ஒரே நாள்ல, ஒரே பேட்ச்ல வாங்கினது நான்தான். வேற யாரைத் திட்டறது.

மார்ச் 5, மதியம்

20 பைட்.

மார்ச் 5, சாயங்காலம்

இப்பதான் கை நடுக்கம் நின்னுச்சு. பேக்கப் இருக்குல்ல, எதுக்கு பயம்னு ஃபோல்டரத் திறந்தேன். தினம் ஒரு ஃபைல், தேதி போட்டு அழகா வரிசையா நிக்குது. ஒவ்வொன்னும் 20 பைட். நவம்பர்ல டேட்டாபேஸ் பாஸ்வேர்ட மாத்தினேன், ஸ்கிரிப்ட்ல மாத்தல. டேட்டாபேஸ ஃபைலா கொட்டற டம்ப் தோத்துப் போய் ஒன்னும் அனுப்பல, அதைச் சுருக்கற ஜிசிப் அந்தக் காலியையும் மூட்டை கட்டி 20 பைட்டா வச்சிடுச்சு. ஒரு கமாண்ட் தர்றத அடுத்ததுக்குக் கடத்தற பைப்ல கடைசி ஆள் சரின்னு சொன்னா எல்லாமே சரிதான், அதனால லாக்ல தினமும் சக்சஸ். நடுவுல யாரு தோத்தாலும் தோல்வின்னு சொல்ற பைப்ஃபெயில்னு ஒரு வரி ஸ்கிரிப்ட் தலையில போட்டிருந்தா அன்னைக்கே கத்தியிருக்கும். நாலு மாசம்!

ரீபில்ட் வேகத்தக் குறைச்சு வச்சுட்டு முதல்ல டம்ப் எடுத்தேன். நோயாளி டிஸ்க்க இன்னும் படுத்தறோமேன்னு இருந்துச்சு, இருந்தாலும் இதுதான் சரி. 6.1 ஜிபி. வெளி டிஸ்க்ல ஒன்னு, பென்டிரைவ்ல ஒன்னு. பென்டிரைவ் சட்டைப் பையில.

மார்ச் 6

தம்பி கேக்கறான், "அண்ணா, அதான் ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்கு?" தப்பா ஒரு டேபிள அழிச்சா நாலு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல ஒழுங்கா அழியும்டான்னேன். 2017ல கிட்லேப்னு புரோகிராம் கோட் வச்சுக்கற தளத்துல நடந்ததையும் சொன்னேன், ஒருத்தர் தப்பான சர்வர்ல 300 ஜிபி அழிச்சுட்டாரு, அஞ்சு விதமா பேக்கப் வச்சிருந்தும் ஒன்னும் ஒழுங்கா வேலை செய்யல, தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஸ்னாப்ஷாட், அந்த நேரத்து நகல், இருந்ததால தப்பிச்சாங்க. சிரிச்சான். நான் 20 பைட் கதைய சொல்லல.

யூபிஎஸ்ஸ திறந்தோம். பேட்டரி ரெண்டும் உப்பிப் போய் தட்டுலேர்ந்து வெளிய வரமாட்டேங்குது, தம்பி ஸ்கேல விட்டு நெம்பினான். மேல ஒட்டின தேதி ஆறு வருஷம் முன்னாடி. சும்மா வச்சுப் பாத்தா ஒன்னு 12.8 வோல்ட், ஆரோக்கியம். லோட் கொடுத்ததும் 9க்கு விழுது. திரையில காட்டற நிமிஷமெல்லாம் அந்த 12.8 மாதிரிதான்.

மார்ச் 6, ராத்திரி

பெண்டிங் 16. பையைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

மார்ச் 7

முடிஞ்சுது. காலைல 4:50. நாலுக்கும் நேரா யூ யூ யூ யூ, நாலும் நல்லா ஓடுதுன்னு அர்த்தம். மூணாவதையும் இன்னைக்கே மாத்தணும்.

மார்ச் 8

பழைய லேப்டாப்ல டம்ப்ப ஏத்திப் பாத்தோம், இத்தன வருஷத்துல இதான் முதல் தடவ. டேபிள் எல்லாம் வந்துச்சு, எண்ணிக்கையும் சரி. கஸ்டமர் பேரத் திறந்தா ??????? ????. தமிழ்ப் பேரு எல்லாமே இப்படித்தான், இங்கிலீஷ் பேரு மட்டும் சிரிக்குது.

மார்ச் 8, ராத்திரி

டம்ப் ஃபைல்லயே போய்த் தேடினேன். அதுல தமிழ் எழுத்து நல்லா இருக்கு. அப்ப ஏத்தும்போதுதான் கேரக்டர் செட், எழுத்த எப்படிச் சேமிக்கணும்கிற முறை, சொதப்புது. அழிச்சுட்டு மறுபடி ஏத்தறேன், 14% ஆச்சு