15 மணி நேரத்துக்கு உள்ளே: ஜெர்மனியில் வேலையிழப்பு உதவித்தொகை, பகுதிநேர வேலை, இன்டர்ன்ஷிப் மூன்றையும் சேர்த்து நடத்திய அனுபவம்

2025 ஜனவரி 14ஆம் தேதி, நான் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றிவந்த வாகன உதிரிபாக நிறுவனம், அந்தப் பிரிவையே மூடுவதாகவும், மார்ச் 31ஆம் தேதியுடன் என் பணி முடிவதாகவும் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தது. அதன்பின் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையான ஐந்து மாதங்கள் நான் வேலையிழப்பு உதவித்தொகை பெற்றேன். அதே காலத்தில் வார இறுதிகளில் ஓர் அடுமனையில் வேலை பார்த்தேன், இடையில் வேறொரு துறையில் இன்டர்ன்ஷிப்பும் செய்து முடித்தேன். இவை மூன்றும் சட்டப்படியே ஒன்றாக நடக்கக்கூடியவைதாம். ஆனால் எதை முதலில் தெரிவிப்பது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒப்புக்கொள்வது என்பதில் பிசகினால் உதவித்தொகை மட்டுமல்லாமல் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து போய்விடும். அந்தப் பிசகின் வாசல்வரை சென்று திரும்பியவள் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் கட்டத்தில், உதவித்தொகையைக் கொடுக்கும் அரசு அலுவலகமான வேலைவாய்ப்பு முகமையில் செய்ய வேண்டிய இரண்டு பதிவுகள் உண்டு, இரண்டும் வேறு வேறு. 'ஆர்பைட்சுஹென்ட்' என்பது வேலை தேடுபவர் என்ற பதிவு. வேலை முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், அவ்வளவு அவகாசம் இல்லையென்றால் செய்தி தெரிந்த நாளிலிருந்து மூன்று நாள்களுக்குள் செய்ய வேண்டும். தவறினால் ஒரு வார உதவித்தொகை கிடைக்காது. 'ஆர்பைட்ஸ்லோஸ்' என்பது வேலையற்றவர் என்ற பதிவு. அதை வேலையில்லாத முதல் நாளுக்குள் நேரிலோ, மின்னணு அடையாள அட்டை வழியாக இணையத்திலோ செய்ய வேண்டும். நான் முதலாவதை மூன்றாம் நாள் இணையத்தில் முடித்தேன், இரண்டாவதற்கு நேரில் சென்றேன். எனக்கு நிரந்தர வதிவிட அனுமதி இருந்ததால் விசா பற்றிய கவலை இல்லை. வேலையோடு பிணைந்த அனுமதியில் இருப்பவர்கள், வேலை முன்கூட்டியே முடிவது தெரிந்த இரண்டு வாரங்களுக்குள் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கடந்த 30 மாதங்களில் குறைந்தது 12 மாதங்கள் காப்பீட்டுப் பங்களிப்புச் செலுத்தியவருக்கே இந்த உதவித்தொகை உரியது. நான் அதைவிட நெடுநாள் செலுத்தியிருந்ததால், 12 மாதங்களுக்கு, அதாவது அவர்கள் கணக்கில் 360 நாள்களுக்கு, உரிமை கிடைத்தது. குழந்தை இல்லாதவருக்கு முந்தைய நிகர ஊதியத்தில் 60 விழுக்காடு, குழந்தை இருந்தால் 67 விழுக்காடு. எனக்கு நாளொன்றுக்கு 39 யூரோ, மாதத்துக்கு 1,170 யூரோ என்று ஆணை வந்தது. அது மாத இறுதியில் வரும் தொகை. ஏப்ரல் முதல் தேதி வாடகைக்கு அது உதவாது. கையிருப்பு வேகமாகக் கரைந்ததால்தான் மே மாதத்திலிருந்து சனி, ஞாயிறு காலைகளில் தலா 5 மணி நேரம் அடுமனையில் நிற்க ஒப்புக்கொண்டேன்.

அந்த வேலை ஒரு 'மினிஜாப்', அதாவது மாத ஊதியம் ஒரு வரம்பைத் தாண்டாத சிறு வேலை. 2025இல் அதன் உச்சவரம்பு மாதம் 556 யூரோ. அந்த ஆண்டின் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 12.82 யூரோவில் வாரம் 10 மணி நேரம் உழைத்தால் ஏறத்தாழ அந்தத் தொகைதான் வரும். முதல் நாள் வேலைக்குச் செல்வதற்கு முன்பே, நிலைமை மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்பினேன். ஊதிய விவரத்தை 2023 முதல் முதலாளிகளே மின்னணு முறையில் வேலைவாய்ப்பு முகமைக்கு அனுப்ப வேண்டும் என்றாலும், வேலையைத் தொடங்குகிறோம் என்ற செய்தியைச் சொல்வது நம்முடைய கடமை. முதலாளி அனுப்புவார் என்று நாம் இருந்துவிட முடியாது.

கூடுதல் வருமானத்தில் மாதம் 165 யூரோ மட்டுமே கழிவில்லாமல் நம்மிடம் நிற்கும். மீதி முழுவதும் உதவித்தொகையிலிருந்து குறைக்கப்படும். அந்த வேலைக்காக ஆகும் செலவைச் சான்றுடன் காட்டினால், அதையும் வருமானத்திலிருந்து முதலில் கழித்துக்கொள்வார்கள். அடுமனைக்குப் போய்வர நான் வாங்கிய மாதப் பயணச்சீட்டு 58 யூரோ, அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே 556இலிருந்து 58ஐயும் 165ஐயும் கழித்து மீதி 333 யூரோ என் உதவித்தொகையில் குறைந்தது. 1,170க்குப் பதிலாக 837 யூரோவும், அடுமனையிலிருந்து 556 யூரோவும் வந்தன. மாதம் 40 மணி நேரத்துக்கும் மேல் உழைத்து, செலவு போகக் கையில் கூடியது 165 யூரோதான். இதைத் தெரிந்துகொண்டு கோபப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த 165 யூரோவும் தேவைப்பட்டது. அதைவிட, வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு நேரத்துக்கு எழுந்து ஓரிடத்துக்குப் போவது தேவைப்பட்டது.

ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் இன்டர்ன்ஷிப் வாய்ப்பு வந்தது. குடிநீர், கழிவுநீர் மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஒரு சிறிய ஆய்வகம் அது. எனக்கு அளவைக் கருவிகளும் ஆவணங்களும் பழக்கம், வேதியியல் பகுப்பாய்வு புதிது. அதன் பொறுப்பாளர், வாரத்தில் புதன்கிழமை மட்டும் 6 மணி நேரம், மூன்று மாதங்கள், ஊதியமில்லாமல் வந்து கற்றுக்கொள்ளலாம் என்றும், பிடித்துப்போனால் இலையுதிர் காலத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றும் சொன்னார். ஒரு நாள், அதுவும் பணமே இல்லாமல்; இதில் யாருக்கு என்ன தடை இருக்க முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். நண்பர் ஒருவரும் தம் அனுபவத்தை வைத்து, மணிக்கணக்கை யாரும் பார்ப்பதில்லை, பணத்தைத்தான் பார்ப்பார்கள் என்று உறுதியாகச் சொன்னார். அவர் பெற்றுவந்தது 'பியூர்கர்கெல்ட்' என்னும் அடிப்படை வாழ்வாதார உதவி என்பதும், நான் பெறுவது பங்களிப்பின் அடிப்படையிலான காப்பீட்டுத் தொகை என்பதும், இரண்டுக்கும் சட்டநூலே வேறு என்பதும் எங்கள் இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை. அவருடைய உதவியில், வாரத்துக்கு 15 மணி நேரத்துக்குக் குறைவாகவே வேலை செய்ய வேண்டும் என்ற வரம்பு கிடையாது. வருமானக் கழிவும் 100 யூரோவிலிருந்து தொடங்கும் வேறொரு கணக்கு. அவர் பொய் சொல்லவில்லை, தமக்கு நடந்ததைச் சொன்னார். நம் ஆட்களிடையே இந்த இரண்டு உதவிகளும் ஒரே பெயரில் பேசப்படுவதால் எத்தனையோ பேர் இப்படித் தவறான வழிக்குப் போகிறார்கள் என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புதன்கிழமை தொடங்கவிருந்தேன். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அடுமனை வேலைக்குச் செய்ததைப் போலவே இதற்கும் ஒரு தகவல் அனுப்பிவிடலாம் என்று படிவத்தைத் திறந்தபோது, 'வாரத்துக்கு எத்தனை மணி நேரம்' என்ற கட்டத்தில் 6 என்று எழுதினேன். அதன் பக்கத்தில் ஏற்கனவே உள்ள வேலைகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. 10உம் 6உம் 16. படிவத்தை அனுப்பாமல் முகமையைத் தொலைபேசியில் அழைத்தேன்.

என் ஆலோசகர் பொறுமையாக விளக்கியது இதுதான். சமூகச் சட்டத் தொகுப்பின் 3ஆம் நூல், 138ஆம் பிரிவின்படி, வாரத்துக்கு 15 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர் மட்டுமே வேலையற்றவராகக் கருதப்படுவார். சரியாக 15 என்றாலே வரம்பு தாண்டியாயிற்று. ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் இருந்தால் அவற்றின் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப்பும், ஆய்வகத்தின் அன்றாட வேலைகளில் கைகொடுப்பதாக இருந்தால், தம் பார்வையில் அந்தக் கூட்டலில் சேரும் என்றார். பணத்துக்கு உள்ள வாயில் வேறு, நேரத்துக்கு உள்ள வாயில் வேறு. பண வாயிலில் இடித்துக்கொண்டால் தொகை குறையும். நேர வாயிலில் இடித்துக்கொண்டால் உரிமையே நிற்கும். 165 யூரோ கணக்கில் மட்டும் கண்ணாக இருந்த நான் இந்த இரண்டாவது வாயிலைப் பார்க்கவே இல்லை.

அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னை நடுங்கவைத்தது. வரம்பு தாண்டும் வேலையை உடனே தெரிவிக்காவிட்டால், வேலையற்றவர் என்ற நம் பதிவே செயலிழந்துவிடும். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டாலும், மீண்டும் புதிதாகப் பதிவு செய்யும் நாள்வரை உரிமை திரும்பாது. இடையில் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடும். உதவித்தொகைக் காலத்தில் நம் மருத்துவக் காப்பீட்டுக்கான பங்களிப்பையும் முகமைதான் செலுத்துகிறது என்பதால் அதுவும் கேள்விக்குள்ளாகும். மினிஜாப் அந்த இடைவெளியை நிரப்பாது, ஏனெனில் மினிஜாப்பினால் மருத்துவக் காப்பீட்டு உறுப்புரிமை கிடைப்பதில்லை. கூலியே இல்லாத ஒரு புதன்கிழமைக்காக இவ்வளவையும் நான் பணயம் வைக்கவிருந்தேன்.

அப்போதே மே மாதத்தில் நடந்த ஒன்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அடுமனையில் உடன் வேலை செய்பவர் திடீரென்று நோயுற்றதால் கூடுதலாக ஐந்தரை மணி நேரம் நின்றிருந்தேன். அந்த வாரம் மொத்தம் 15.5 மணி நேரம். எப்போதாவது நேரும் சிறிய விலகல்களைக் கணக்கில் கொள்வதில்லை என்று சட்டமே சொல்கிறது என்றும், ஆனால் அது முன்கூட்டித் திட்டமிட்டதாகவோ வழக்கமாகவோ ஆகிவிடக் கூடாது என்றும் அவர் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து வாரந்தோறும் வேலை நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கத் தொடங்கினேன்.

அடுமனை நேரத்தைக் குறைத்து இரண்டையும் 15க்குள் அடக்கலாமா என்று கேட்டேன். முடியும், ஆனால் ஊதியமில்லாத அந்த ஏற்பாட்டிலேயே வேறொரு சிக்கல் இருக்கிறது என்றார். படிப்பின் பகுதியாகக் கட்டாயமாகச் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கும், எந்தத் தொழிற்கல்வி அல்லது பட்டப்படிப்பில் சேரலாம் என்று அறிந்துகொள்வதற்காக மூன்று மாதங்கள்வரை செய்வதற்கும் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து விலக்கு உண்டு. ஏற்கனவே தொழில் கற்று ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்த எனக்கு அந்த விலக்கு பொருந்துவது கடினம். ஆய்வகப் பொறுப்பாளருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

வழி வேறிடத்தில் இருந்தது. அதே சட்டநூலின் 45ஆம் பிரிவில், ஒரு முதலாளியிடம் சென்று தகுதியைச் சோதித்துப் பார்க்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக 'மாக்' என்பார்கள். பொதுவாக அதிகபட்சம் ஆறு வாரங்கள். முகமை முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்தால், அந்த நாள்களில் உதவித்தொகை தொடர்ந்து வரும், விபத்துக் காப்பீடும் இருக்கும். அது வேலை ஒப்பந்தம் அல்ல என்பதால் 15 மணி நேரக் கூட்டலிலும் சேராது. மூன்று மாதப் புதன்கிழமைகளைக் கூட்டினால் 80 மணி நேரம்கூடத் தேறாது. ஆறு வாரம், திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 180 மணி நேரம். இதைச் சொன்னதும் ஆய்வகப் பொறுப்பாளர் என்னைவிட மகிழ்ந்தார்.

விண்ணப்பத்தை நாமே தொடங்க வேண்டும். என்னென்ன வேலைகளைப் பார்க்கப்போகிறேன், எதைக் கற்றுக்கொள்வது நோக்கம், எந்த நாள் எந்த நேரம், யார் மேற்பார்வை என்பதையெல்லாம் ஆய்வகம் எழுதிக் கொடுத்தது. முதல் வரைவில் 'மாதிரிகளைப் பரிசோதிக்கும் பணியில் உதவுதல்' என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால் ஆள் பற்றாக்குறையை இலவசமாக நிரப்புவதுபோல் தெரியும் என்று ஆலோசகர் சொன்னதால், வாரவாரியாகப் பிரித்து எழுதினோம்: மாதிரி எடுத்தலும் முத்திரையிடலும், கார அமில அளவும் மின்கடத்துதிறனும், நைட்ரேட் அளவீடு, பிறகு அறிக்கை எழுதுதல். இந்தப் பட்டியலைத் தயாரிக்க எடுத்துக்கொண்ட இரண்டு மாலைப்பொழுதுகள் பின்னால் பெரிதும் பயன்பட்டன. மூன்றாம் வாரத்தில் என்னை வெறும் புட்டி கழுவும் வேலையில் விட்டபோது, அந்தத் தாளைக் காட்டித்தான் மெதுவாகப் பேச முடிந்தது.

ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே தொடங்கினேன்: ஜூலை 7 முதல் ஆகஸ்டு 15 வரை. அடுமனை வேலையும் வார இறுதிகளில் அதே 10 மணி நேரத்துக்குத் தொடர்ந்தது. ஐந்தாம் வாரத்தில் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தபோது, ஆய்வகத்துக்கு மட்டுமல்லாமல் முகமைக்கும் அன்றே தெரிவித்தேன். ஓய்வே இல்லாத ஆறு வாரங்கள் உடம்பை வாட்டின. ஆறாவது ஞாயிறு அடுமனையில் நின்றபோது கால்கள் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் நைட்ரேட் அளவீட்டில் என் முடிவும் மூத்த பரிசோதகரின் முடிவும் முதன்முறையாக ஒத்துப்போன அன்று, இந்தத் துறையில் என்னால் நிற்க முடியும் என்ற நம்பிக்கை வந்தது.

ஆகஸ்டு கடைசி வாரத்தில் வாரம் 30 மணி நேரத்துக்கு ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். கையெழுத்திட்ட அன்று மாலையே, செப்டம்பர் 1 முதல் எனக்கு உதவித்தொகை வேண்டாம் என்று அதே நிலைமை மாற்றப் படிவத்தில் தெரிவித்தேன். சில நாள்களில் நிறுத்த ஆணை வந்தது: பயன்படுத்தியவை 150 நாள்கள், மீதமுள்ளவை 210 நாள்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் போனால், உரிமை தோன்றிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள், அதாவது 2029 மார்ச் முடிவுக்குள், அந்த நாள்களை நான் கேட்டுப் பெறலாம். முதன்மை வேலையோடு ஒரு மினிஜாப் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அடுமனைக்கு இப்போதும் செல்கிறேன், சனிக்கிழமை மட்டும்.